அமைவுக் கோப்பின் வரலாறு: சொந்தச் சேவையகத்தில் வலைச்செயலி நிறுவுதல் பற்றிய ஒரு நோக்கு

சாசனங்கள் வரலாற்றாசிரியனுக்கு இருவகையாற் பயன்படுவன. அவை வெளிப்படையாகக் கூறும் செய்தி ஒன்று. கூறாது உணர்த்தும் செய்தி மற்றொன்று. குளத்து நீரை இன்ன முறையிலன்றிப் பாய்ச்சலாகாது என ஒரு சாசனம் விதிக்குமாயின், அம்முறையை மீறியோர் முன்னர் இருந்தனர் என்பதும், அதனால் ஊருக்குக் கேடு விளைந்தது என்பதும் அவ்விதியிலிருந்தே பெறப்படும். விதி ஒவ்வொன்றும் அதற்கு முன் நிகழ்ந்த ஓர் இடரின் சுவடாகும்.

இந்நோக்கினைக் கணினித் துறைக்கும் பொருத்திப் பார்க்கலாம். இன்று ஒரு பல்கலைக்கழகத் துறையோ, சங்கமோ, நூலகமோ தனக்கென ஒரு வலைச்செயலியைத் தன் சேவையகத்தில் நிறுவ முற்படுமாயின், அதன் பொறுப்பாளர் முதலிற் காண்பது சில அமைவுக் கோப்புக்களையேயாம். தரவுத்தளம் இவ்வியந்திரத்துக்கு உள்ளிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்க வேண்டும். செயலி தலைமைப் பயனரின் அதிகாரத்துடன் இயங்கலாகாது. பயனர் பதிவேற்றும் கோப்புக்கள் வலைக் கோப்பகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பிழைச் செய்திகள் வெளியார் கண்ணிற் படலாகாது. சான்றிதழ் காலந்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்றவாறு அவை அமையும். இவற்றை இயந்திரத்தனமாகப் படியெடுத்து எழுதிவிடுவோர் பலர். ஆயின் இவ்வரிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு கால வரலாற்றின் ஒவ்வோர் இழப்பையும் நினைவுறுத்தி நிற்பன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், அதிலிருந்து நமது உயர்கல்வி நிறுவனங்கள் பெறத்தக்க படிப்பினை யாது என ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு சில சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. உலாவியின் ஊடாகப் பயன்படுத்தப்படுவதும், பயனரின் வேண்டுகோளுக்கேற்பத் தரவுகளைப் பெற்றும் மாற்றியும் விடையிறுப்பதுமான மென்பொருளை வலைச்செயலி என்கிறோம். பிறரது சேவையை நாடாது, தன் பொறுப்பிலுள்ள இயந்திரத்தில் அதனை இயக்குதல் சொந்த நிறுவலாகும். எழுதியவரின் மேசையில் ஒரு மென்பொருள் இயங்குவது பரிசோதனை நிலை. அதனை நம்பிப் பலர் தம் அன்றாட அலுவல்களை ஆற்றத் தொடங்குவது பயன்பாட்டு நிலை. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள தூரமே நமது ஆய்வுப் பொருள்.

1. ஆய்வுகூடத்து இயந்திரம்

உலகளாவிய வலையின் முதலாவது சேவையகம் 1990 ஆம் ஆண்டின் இறுதியிற் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள சேர்ன் எனும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கத் தொடங்கிற்று. ரிம் பேர்னர்ஸ்-லீ என்பாரின் மேசை மீதிருந்த நெக்ஸ்ற் கணினியே அச்சேவையகமாகும். அதன் மேல் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. இவ்வியந்திரம் ஒரு சேவையகம் என்றும், இதன் மின்னிணைப்பைத் துண்டிக்கலாகாது என்றும் அதிற் கையால் எழுதப்பட்டிருந்தது. பயன்பாட்டு நிலை பற்றிய முதலாவது விதி இதுவே எனலாம். இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு அது வெறும் கணினி. தொலைவிலிருந்து அதனை நாடுவோருக்கோ அது ஒரு நிறுவனம். இவ்விருமையை உணர்ந்தமையின் அடையாளமே அத்தாள்.

1991 டிசம்பரில் ஐரோப்பாவுக்கு வெளியே முதலாவது வலைச் சேவையகம் கலிபோர்னியாவின் ஸ்ரான்போர்ட் நேர்கோட்டு முடுக்கி நிலையத்தில் நிறுவப்பட்டது. இதன் வரலாற்று முக்கியத்துவம் போதிய அளவு உணரப்படவில்லை என்றே கூறவேண்டும். சேர்னின் சேவையகம் பெரும்பாலும் எழுதிவைத்த பக்கங்களை எடுத்து வழங்கியது. ஸ்ரான்போர்ட்டில் நிறுவப்பட்டதோ, இயற்பியற் கட்டுரைகள் பற்றிய நூல்விபரங்களைக் கொண்ட ஸ்பயர்ஸ் என்னும் பெருந் தரவுத்தளத்துக்கான வாயிலாக அமைந்தது. பயனர் வினவ, இயந்திரம் தேடி விடையிறுத்தது. இன்று நாம் வலைச்செயலி என வழங்குவதன் கரு இதுவே. அம்முயற்சியில் இயற்பியலறிஞர் போல் குன்ஸ் அவர்களோடு நூலகரான லூயிஸ் அடிஸ் அவர்களும் முன்னின்றமை கவனித்தற்குரியது. வலைச்செயலியின் பிறப்பிலேயே நூலகத்தின் தேவை பங்குகொண்டது.

1993 ஏப்ரல் 30 ஆம் திகதி சேர்ன் தனது வலை மென்பொருளை எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனப் பொதுவுடைமையாக்கியது. எந்த நிறுவனமும் எவரிடமும் அனுமதி பெறாது தனக்கென ஒரு சேவையகத்தை நிறுவலாம் என்னும் நிலை இதனால் உறுதிப்பட்டது. சொந்த நிறுவலின் சட்ட அடிப்படை இதுவே.

2. கோப்பு வழங்கலிலிருந்து செயலியக்கத்துக்கு

1993 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த என்.சி.எஸ்.ஏ. நிலையத்திலே றொப் மக்கூல் என்பார் எழுதிய சேவையக மென்பொருள் விரைந்து பரவியது. அதனோடு பொது வாயில் இடைமுகம் எனப் பொருள்படும் சி.ஜி.ஐ. முறையும் அவ்வாண்டிலேயே உருப்பெற்றது. பயனர் அனுப்பும் வேண்டுகோளைச் சேவையகம் பிறிதொரு நிரலிடம் கையளித்து, அந்நிரல் தரும் விடையைப் பயனருக்குத் திருப்பி அனுப்புதலே இதன் சாரம். இதனால் எந்த மொழியில் எழுதப்பட்ட நிரலும் வலைச்செயலியாக முடிந்தது. அதே வேளை, முன்பின் அறியாத ஒருவர் தொலைவிலிருந்து தட்டெழுதும் எழுத்துக்கள் நம் இயந்திரத்தில் ஒரு நிரலை இயக்கும் நிலையும் தோன்றியது.

இதன் விளைவு 1996 இல் வெளிப்பட்டது. சேவையக மென்பொருளுடன் மாதிரியாக வழங்கப்பட்ட, தொலைபேசி விபரங்களைத் தேடும் 'பி.எச்.எப்.' எனும் சிறு நிரல் ஒன்றிற் குறைபாடொன்று இருந்தமை கண்டறியப்பட்டது. பயனர் தரும் உள்ளீட்டிலுள்ள ஆபத்தான குறிகளைக் களையும் பகுதி அதில் இருந்தது. ஆயின் புதிய வரியைக் குறிக்கும் ஒரேயொரு குறி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அவ்வொரு குறியின் வழியே தாம் விரும்பிய கட்டளைகளை இயக்கி, பல நிறுவனங்களின் கடவுச்சொற் கோப்புக்களைப் புறத்தார் கவர்ந்து சென்றனர். எவரும் பயன்படுத்தாத ஒரு மாதிரி நிரல், அது அங்கு இருப்பதை எவரும் அறியாமையாலேயே வாயிலாயிற்று. வேண்டாதவற்றை நிறுவலாகாது, மாதிரிகளை அகற்றிவிட வேண்டும் என இன்றுங் கூறப்படும் விதிகளின் பின்னணி இத்தகைய நிகழ்ச்சிகளே.

இக்காலத்தில் வேரூன்றிய மற்றொரு விதி அதிகாரம் பற்றியது. யுனிக்ஸ் மரபில் 1024 க்குக் குறைந்த எண்ணுடைய துறைகளைத் தலைமைப் பயனரே திறக்கலாம். வலையின் துறை எண் 80. ஆகவே சேவையகம் தலைமைப் பயனராகத் தொடங்கியே தீரவேண்டும்; ஆயின் அவ்வதிகாரத்துடனேயே அந்நியரின் வேண்டுகோள்களைக் கையாளுமாயின், ஒரு சிறு பிழையும் இயந்திரம் முழுவதையும் பறிகொடுக்கச் செய்யும். எனவே துறையைத் திறந்தபின் தன் அதிகாரத்தைத் துறந்து, 'ஒருவருமிலர்' எனப் பொருள்படும் பெயருடைய வலுக்குறைந்த பயனராக மாறி இயங்கும் முறை நிலைபெற்றது. பதவியின் அதிகாரத்தைக் காரியம் முடிந்தவுடன் களைந்துவிடுதல் என்னும் இந்நெறி ஆட்சியியலாளருக்கும் புதியதன்று.

1994 இல் மக்கூல் அந்நிலையத்தை விட்டு நீங்கியதும் அம்மென்பொருளின் வளர்ச்சி தேங்கிற்று. அதனைப் பயன்படுத்திய சேவையகப் பொறுப்பாளர்கள் தாம் தாம் செய்த திருத்தங்களைத் தம்முட் பகிர்ந்துகொண்டனர். 1995 இன் தொடக்கத்திற் பிறயன் பெலன்டோர்வ் முதலியோர் அத்திருத்தங்களை ஒன்றுதிரட்ட முனைந்ததன் பயனாக அப்பாச்சி சேவையகம் தோன்றியது. அதன் முதலாம் பதிப்பு 1995 டிசம்பரில் வெளியாயிற்று. 1996 இல் அது உலகில் மிகுதியாகப் பயன்படுத்தப்படும் வலைச் சேவையகமாயிற்று. சேவையகத்தைக் காத்துவந்தோரே அதன் ஆசிரியர்களாகவும் ஆயினர் என்பது இவ்வரலாற்றின் சிறப்பம்சமாகும்.

3. நால்வகை அடித்தளம்

1991 இற் பின்லாந்து மாணவர் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், மேற்கூறிய அப்பாச்சி, 1995 இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், அவ்வாண்டிலேயே ராஸ்மஸ் லேர்டோர்வ் வெளியிட்ட பி.எச்.பி. மொழி ஆகிய நான்கும் ஒன்றிணைந்தபோது, விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவுமின்றி ஒரு முழுமையான வலைச்செயலியை நிறுவுதல் இயலுவதாயிற்று. இந்நான்கின் முதலெழுத்துக்களைக் கூட்டி 'லாம்ப்' எனும் பெயரை 1998 இல் ஜேர்மன் சஞ்சிகை ஒன்றில் மிக்கேல் குன்சே வழங்கினார். 1997 இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.1 நியமம், வேண்டுகோள் ஒவ்வொன்றிலும் தளத்தின் பெயரைக் குறிப்பிடுதல் கட்டாயம் என விதித்தமையால், ஒரே முகவரியுடைய ஒரே இயந்திரத்திற் பல தளங்களை நடத்துதலும் எளிதாயிற்று. வறிய நிறுவனங்களுக்கும் வாயில் திறந்தது.

இவ்வடித்தளத்தின் மேல், எவரும் எடுத்து நிறுவத்தக்க ஆயத்தச் செயலிகள் எழுந்தன. விக்கிப்பீடியாவுக்கென 2002 இல் எழுதப்பட்ட நிரலிலிருந்து மீடியாவிக்கி தோன்றியது. அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்தில் அவுஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் மூடில் எனும் கற்றல் முகாமைச் செயலியின் முதற் பதிப்பை வெளியிட்டார். 2003 மே மாதத்தில் வேர்ட்பிரெஸ் வெளிவந்தது. இவற்றிலே நிறுவுபவர் நிரலைத் தொடவேண்டியதில்லை. தரவுத்தளத்தின் பெயரும் கடவுச்சொல்லும் முதலான விபரங்களை ஒரு தனி அமைவுக் கோப்பில் எழுதினாற் போதும். நிரல் எழுதுபவரும் அதனை நடத்துபவரும் வெவ்வேறு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாதவராக இருக்கும் நிலை இதனாற் பொதுவாயிற்று. அவ்விருவருக்கும் இடையிலான உடன்படிக்கையாக அமைந்தது அமைவுக் கோப்பே.

எளிமை தன்னோடு இடரையும் கொணர்ந்தது. பி.எச்.பி. மொழியின் தொடக்கப் பதிப்புக்களில், பயனர் அனுப்பும் பெயர்கள் யாவும் நிரலின் மாறிகளாகத் தாமாகவே மாறிவிடும் வசதி ஒன்று இருந்தது. கற்போருக்கு அது இலகுவாக இருந்தது. தீயோருக்கு அதனிலும் இலகுவாக இருந்தது. 2002 இல் வெளியான 4.2 ஆம் பதிப்பில் அவ்வசதி இயல்பில் நிறுத்தப்பட்டது. 2012 இல் வெளியான 5.4 ஆம் பதிப்பிலேயே முற்றாக நீக்கப்பட்டது. பழைய செயலிகள் அதனையே நம்பி எழுதப்பட்டிருந்தமையால் ஒரு தவறான இயல்புநிலையைக் களையப் பத்தாண்டு தேவைப்பட்டது. மூடிலின் நிறுவல் விதிகளில், பயனர் கோப்புக்கள் சேரும் தரவுக் கோப்பகம் உலாவியால் நேரே அணுகத்தக்க இடத்தில் இருக்கலாகாது என வலியுறுத்தப்படுவதும் இவ்வகைப் பட்டறிவின் பயனேயாம். ஒரு மாணவன் ஒப்படைக்கும் விடைத்தாள் மற்றொரு மாணவனின் உலாவியிற் திறக்குமாயின், அங்கு குலைவது கணினி மட்டுமன்று, பரீட்சையின் நேர்மையுமாகும்.

4. இலங்கைச் சான்றுகள்

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலையை அடுத்துக் காணாமற்போனோர், முகாம்களில் வாழ்வோர், உதவும் நிறுவனங்கள், வேண்டப்படும் பொருட்கள் ஆகியவற்றின் விபரங்களை ஒருங்கே பேண ஒரு முறைமை அவசரமாகத் தேவைப்பட்டது. லங்கா சொப்ட்வெயர் பவுண்டேசன் அமைப்பின் ஒருங்கிணைப்பில் இந்நாட்டுத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் அத்தகைய வலைச்செயலி ஒன்றை உருவாக்கினர். சிங்கள மொழியில் நிவாரணம் எனப் பொருள்படும் 'சகன' என்பது அதன் பெயர். அது பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் ஆகியவற்றின் மீது எழுதப்பட்டமை தற்செயலன்று. பேரிடர் நிகழ்ந்த இடத்தில் உரிமம் வாங்க நேரமில்லை. கிடைத்த கணினியில், வேண்டுமாயின் ஒரு மடிக்கணினியிலேனும், நிறுவத்தக்கதாக அது இருத்தல் வேண்டும். 2005 இற் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் 2006 இற் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பேரிடர்களின்போதும் அச்செயலி அவ்வந்நாடுகளில் நிறுவப்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நலப் பரிசும் அதற்குக் கிடைத்தது. காணாமற்போனோரின் பட்டியல் எவரது இயந்திரத்தில் இருக்கவேண்டும் என்னும் வினா தொழில்நுட்ப வினா மட்டுமன்று என்பதை இவ்வனுபவம் உணர்த்தும்.

இரண்டாவது சான்று நூலகம் எனும் எண்ணிம நூலகமாகும். 2005 இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற இத்திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள் ஆகியவற்றை மின்வருடிப் பேணி வருகிறது. அதன் தளம் மீடியாவிக்கி செயலியின் மீது இயங்குவது. விக்கிப்பீடியாவுக்கென வேற்று நாட்டில் எழுதப்பட்ட ஒரு செயலி, அமைவு மாற்றத்தினால் நமது ஆவணக் காப்பகத்துக்கும் அடித்தளமாயிற்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியாக இருப்பது எப்பொழுதும் அழிவின் விளிம்பிலேயே இருக்கிறது என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எண்ணிமப் பிரதி அவ்வச்சத்தைக் குறைக்குமேயன்றித் தானாக நீக்கிவிடாது என்பதைப் பின்னர் காண்போம்.

5. நிரல், அமைவு, தரவு: மூவகைப் பிரிப்பு

இயந்திரம் ஒன்றாக இருந்தவரை பொறுப்பாளர் அதனைத் தன் நினைவினாலேயே நடத்த முடிந்தது. இயந்திரங்கள் பெருகியபோது அவை ஒன்றிலிருந்து ஒன்று சிறிது சிறிதாக வேறுபடலாயின. ஒன்றிற் செய்த திருத்தம் மற்றொன்றிற் செய்யப்படாது விடப்பட்டது. ஒஸ்லோவில் இயற்பியலாளராக இருந்த மார்க் பேர்ஜஸ் 1993 இல் உருவாக்கிய சி.எப்.என்ஜின் இதற்கு முதலாவது பெருந் தீர்வாக அமைந்தது. இயந்திரம் எந்நிலையில் இருக்கவேண்டும் என்பதைக் கோப்பில் எழுதினால், அந்நிலைக்கு அதனைக் கொணர்வது மென்பொருளின் கடமை என்பது அதன் கோட்பாடு. பொறுப்பாளரின் வாய்மொழி மரபு எழுத்து மரபாக மாறிய கட்டம் இதுவெனலாம்.

2011 இல் ஹெரோக்கு நிறுவனத்தைச் சார்ந்த அடம் விக்கின்ஸ் வெளியிட்ட பன்னிரு நெறிகள் இவ்வழியில் அடுத்த படியாகும். அவற்றுள் ஒன்று அமைவு பற்றியது. கடவுச்சொற்கள், தரவுத்தள முகவரிகள் போன்றன நிரலுக்குள் எழுதப்படலாகாது. அவை இயங்கு சூழலிலிருந்து பெறப்படவேண்டும். இதற்கு அவர் கூறிய உரைகல் எளியது: எந்த இரகசியமும் வெளிப்படாமல் இந்நிரல் முழுவதையும் இக்கணமே ஊரறிய வெளியிடமுடியுமா? முடியுமாயின் நிரலும் அமைவும் செவ்வனே பிரிக்கப்பட்டுள்ளன.

செயலிகளை ஒன்றிலிருந்து ஒன்று தனிமைப்படுத்தும் முயற்சியும் நெடிய வரலாறுடையது. 1979 இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இடம்பெற்ற வேர்மாற்றக் கட்டளை, 2000 ஆம் ஆண்டில் பிறீபிஎஸ்டி முறைமையில் வந்த 'சிறை' ஆகியவற்றின் வழிவந்ததே 2013 மார்ச்சில் அறிமுகமான டொக்கர் கொள்கலன். செயலியும் அதற்கு வேண்டிய நூலகங்களும் ஒரே பொதியாகக் கட்டப்படுவதால், எழுதியவரின் மேசையில் இயங்கியதே சேவையகத்திலும் இயங்கும் என்னும் உறுதி பெருமளவு கிட்டிற்று. ஆயினும் கொள்கலன் அழித்து மீண்டும் ஆக்கத்தக்கது. அதனுள்ளேயே தரவையும் வைத்துவிட்டுப் புதுப்பிக்க முனைபவர் தரவையும் சேர்த்தே இழப்பர். நிரலை மீண்டும் பெறலாம். அமைவை மீண்டும் எழுதலாம். தரவு ஒருமுறை போயின் போயதே. இம்மூன்றையும் பிரித்தறிதலே நிறுவற் கலையின் இதயமாகும்.

6. வாயிலும் காவலும்

ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரை ஓர் இயந்திரம் எதிர்கொள்ளுமா என்னும் வினாவை 1999 இல் டான் கேகல் எழுப்பினார். இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செயன்முறையை ஒதுக்கும் மரபு அதற்கு ஈடுகொடாது என்பது தெளிவாயிற்று. ரஷ்யாவின் ஈகோர் சிசோயெவ் 2002 இல் தொடங்கி 2004 இல் வெளியிட்ட என்ஜின்-எக்ஸ், சில செயன்முறைகளைக் கொண்டே ஆயிரக்கணக்கான இணைப்புக்களைக் கையாண்டது. இதனால் அமைப்புமுறையும் மாறிற்று. வாயிலில் அது நின்று வேண்டுகோள்களை ஏற்கும். உள்ளே செயலி தனித்துறையில் இயங்கும். அதற்கும் உள்ளே தரவுத்தளம் இருக்கும். வெளியுலகம் காண்பது வாயிலை மட்டுமே. கோபுரமும் மண்டபமும் கருவறையும் போன்ற அடுக்கு இது.

செய்தி செல்லும் வழியையும் காத்தல் வேண்டும். 1995 இலேயே நெற்ஸ்கேப் நிறுவனம் மறைகுறியாக்க முறையை வெளியிட்டிருந்தபோதிலும், சான்றிதழுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தமையாலும் நிறுவும் முறை சிக்கலானதாக இருந்தமையாலும் சிறு தளங்கள் அதனைப் பயன்படுத்தவில்லை. 2010 இல் வெளியான பயர்சீப் எனும் கருவி, பொது இடக் கம்பியில்லா வலையமைப்பில் அமர்ந்திருக்கும் எவரும் அடுத்தவரின் கணக்குக்குள் நுழையலாம் என்பதை உலகுக்குக் காட்டிற்று. 2015 டிசம்பரில் அனைவருக்கும் திறந்துவிடப்பட்ட லெற்ஸ் என்கிறிப்ற் அமைப்பு இலவசமாகவும் தன்னியக்கமாகவும் சான்றிதழ் வழங்கத் தொடங்கியபின் இந்நிலை மாறியது. அச்சான்றிதழ்களின் ஆயுளை 90 நாட்கள் என அது வகுத்தது. காலம் குறுகியதாயின் கையாற் புதுப்பித்தல் இயலாது. எனவே பொறுப்பாளர் அதனை இயந்திரத்திடம் ஒப்படைத்தே தீரவேண்டும். மனித மறதியைக் கடிந்துகொள்ளாது, மறதிக்கு இடமில்லாத ஒழுங்கை வகுத்தது இதன் சிறப்பாகும்.

7. இழப்பின் பாடங்கள்

இனி நான்கு நிகழ்ச்சிகளை நோக்குவோம். 2016 இன் இறுதியிலும் 2017 இன் தொடக்கத்திலும் கடவுச்சொல் இன்றி இணையத்திற் திறந்திருந்த பல்லாயிரக்கணக்கான மொங்கோடிபி தரவுத்தளங்களைக் கயவர் அழித்துவிட்டுப் பணம் கோரினர். எப்பூட்டும் உடைக்கப்படவில்லை, பூட்டே இருக்கவில்லை. அதன்பின் அவ்வாண்டில் வெளியான 3.6 ஆம் பதிப்பில், தன் இயந்திரத்தின் உள்ளழைப்பை மட்டுமே ஏற்றல் இயல்புநிலையாக்கப்பட்டது.

2017 சனவரி 31 ஆம் திகதி கிற்லாப் சேவையில், துணைத் தரவுத்தளத்தைச் சீராக்க முயன்ற பொறியியலாளர் ஒருவர் தவறுதலாக முதன்மை இயந்திரத்திலேயே அழிப்புக் கட்டளையை இட்டார். ஏறத்தாழ 300 கிகாபைற்று அளவினதாகிய தரவின் பெரும்பகுதி சில நொடிகளில் அழிந்தது. காப்புப்பிரதிகளை நாடியபோதுதான், பதிப்புப் பொருந்தாமையால் அவை எடுக்கப்படாமலே இருந்தமையும், அத்தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் சென்றடையாமையும் தெரியவந்தன. ஏறத்தாழ ஆறு மணித்தியாலங்களுக்கு முன்னர் வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்டிருந்த பிரதியே அவர்களைக் காத்தது. அந்நிறுவனம் நடந்ததை மறையாது விரிவாக வெளியிட்டமை போற்றற்குரியது. மீட்டுப் பார்க்கப்படாத காப்புப்பிரதி காப்புப்பிரதியே அன்று என்பது இதன் பாடம்.

2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. காப்புப்பிரதியையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். முன்னர் கூறிய யாழ்ப்பாண நூலகத்தின் அழிவு மனித வன்செயலின் விளைவு; இஃது விபத்து. ஆயினும் ஒரே இடத்தில் வைத்தல் என்னும் பலவீனம் இரண்டிற்கும் பொதுவானது.

நான்காவது நிகழ்ச்சி நம் நாட்டினது. 2023 ஓகஸ்ற் 26 ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணிமைக் கட்டமைப்பு பணயத்தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் அந்நாள் வரை சேர்ந்திருந்த தரவுகள் மீளப்பெற முடியாதவாறு இழக்கப்பட்டன. மின்னஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பாக இருந்தமையும், அக்காலப் பகுதிக்குரிய காப்புப்பிரதி இணைப்பறுத்த இடத்தில் இல்லாமையும் அப்பொழுது வெளிப்பட்டன. புதுப்பித்தலுக்கு நிதி ஒதுக்கப்படாமையும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. நிறுவுதற்குப் பணம் ஒதுக்குவோர் பேணுதற்கு ஒதுக்குவதில்லை என்பது குளங்கட்டிய நாட்டவராகிய நமக்குத் தெரியாததன்று. அணையைக் கட்டுதல் ஓராண்டின் வேலை. கலிங்கைப் பேணுதல் தலைமுறைகளின் வேலை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரு முடிவுகள் பெறப்படும். முதலாவது, பயன்பாட்டு நிலைக்குரிய விதிகள் அறிஞர் எவரும் தனித்திருந்து வகுத்தனவல்ல, இழந்தோர் எழுதிவைத்தவை. ஆகவே அவற்றை மனனஞ் செய்தலிலும், எவ்விழப்பிலிருந்து எவ்விதி எழுந்தது என அறிதல் பயனுடையது. காரணம் அறிந்தவரே, சூழல் மாறும்போது விதியையும் அறிந்து மாற்றுவர்.

இரண்டாவது, சொந்த நிறுவல் ஓர் உரிமை மட்டுமன்று. அஃது ஒரு தொடர்கடமை. பிறர் தரும் சேவையில் நம் ஆவணங்களை வைக்கும்போது, அவர்கள் விலையை உயர்த்தினாலோ சேவையை நிறுத்தினாலோ நாம் செய்யக்கூடியது சிறிது. தம் நினைவுகளைத் தாமே பேண விரும்பும் சமூகத்துக்குச் சொந்தச் சேவையகம் இன்றியமையாத ஒரு வழியாகும். ஆயின் கவனிப்பாரற்ற சொந்தச் சேவையகம் இரவற் சேவையிலும் ஆபத்தானது என்பதை மறுத்தற்கில்லை.

பல்கலைக்கழகச் சூழலில் இவ்வாபத்து ஒரு தனி வடிவம் எடுக்கிறது. ஆர்வமுள்ள மாணவர் ஒருவர் துறைக்கோ சங்கத்துக்கோ ஒரு செயலியை நிறுவுவார். நான்காண்டில் அவர் பட்டம் பெற்று வெளியேறுவார். கடவுச்சொல்லும் அவரோடு சென்றுவிடும். பின்வருவோர் அதனைத் தொட அஞ்சுவர். புதுப்பிக்கப்படாத செயலி ஒருநாள் கயவர் கைப்படும், அல்லது வன்தட்டுப் பழுதடைந்து ஓசையின்றி மறையும். இதனைத் தவிர்க்க வேண்டுவன அரிய தொழில்நுட்பங்களல்ல. செயலியின் பொறுப்பு ஒருவரிடமன்றி இருவரிடமேனும் இருத்தல். அமைவு முழுவதும் எழுத்தில் இருத்தல். இரகசியங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பில் இருத்தல். காப்புப்பிரதி வேறோர் ஊரில் ஒன்றும் இணைப்பறுந்த நிலையில் ஒன்றுமாக இருத்தல். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அப்பிரதியிலிருந்து செயலியை வேறொரு கணினியில் மீட்டெழுப்பிப் பார்த்தல். ஆட்சிக்குழு மாறும்போது கணக்கேட்டோடு இவையும் கையளிக்கப்படுதல் ஆகியனவே அவை.

சங்கங்களின் யாப்பில் பொருளாளரின் கடமை வரையறுக்கப்பட்டிருக்கிறது. கணக்காய்வாளரின் கடமையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. சேவையகப் பொறுப்பாளரின் கடமையும் அவ்யாப்பில் ஒரு பிரிவாக இடம்பெறும் காலம் வந்துவிட்டது. ஜெனீவாவில் அம்முதல் இயந்திரத்தின் மேல் ஒட்டப்பட்ட தாள் அதன் அருகில் நடமாடிய சிலரை நோக்கியது. நமது இயந்திரங்களின் மேல் ஒட்டவேண்டிய தாளோ, நமக்குப் பின் வரவிருக்கும் மாணவர்க்கு உரியது. அதனை அவர்கள் படித்தறியும் வண்ணம் எழுதிவைத்தல் இன்று பொறுப்பிலுள்ளோரின் கடன்.